நாலு டிகிரி

புதுச் செருப்பு போட்டால் வேகமாக ஓடலாம் என்று சின்ன வயதில் நம்பாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். யாரும் தூக்க மாட்டீர்கள். கடைக்குள்ளேயே இரண்டு சுற்று ஓடிக் காட்டி, "ஆமாப்பா, ரொம்ப வேகமாத்தான் ஓடுற" என்று அப்பாவிடம் சான்றிதழ் வாங்கியவர்கள்தானே எல்லோரும். இந்தக் கதையில் வருகிற நம்மாளும் அப்படித்தான். என்ன, அவனுக்கு இப்போது வயது இருபது. செருப்புக்குப் பதிலாகக் கணினிக்குள் வைக்கிற கூலர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் மதுரை. காலம் 2023 மே மாதம், கத்திரி வெயில். வீடு, மாடி போர்ஷன். மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே சூரியன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதைத் துப்ப ஆரம்பிக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டை வாரி முகத்தில் அடிக்கும். இரண்டே அறை. ஒன்றில் அப்பா அம்மா. இன்னொன்றில் நம்மாளும் அவன் தங்கையும் அவனுடைய கணினியும். தங்கையை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாப்பா அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு ஒன்றுக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு எழ வேண்டுமென்றால் பத்து மணிக்காவது தூங்க வேண்டும். பிரச்சினை அங்கேதான்.

நம்மாள் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு ஸ்டூடியோ அண்ணனுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பவன். வைகாசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்று பேசிய காசு. அதில்தான் கல்லூரி பஸ் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், எப்போதாவது ஒரு புரோட்டா எல்லாம். எடிட்டிங்கைப் பகலில் முடித்துவிடுவான். முடித்த படத்தை ஒரே கோப்பாக்கும் ரெண்டர் வேலைதான் ராத்திரி நடக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் கணினியை வேறு எதற்கும் தொட முடியாது. இரண்டரை மணி நேரக் கல்யாணப் படத்துக்கு 2 மணி 50 நிமிடம் ரெண்டர் ஓடும். அந்த 2 மணி 50 நிமிடமும் அறைக்குள் ஒரு ஹெலிகாப்டர் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். கூலரின் ஃபேன் சத்தம் சார் அது. சீராக ஒரே சத்தமாக இருந்தாலாவது பழகிவிடும். இது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பாப்பா தலையணையைக் காதுக்கு மேலே வைத்துக்கொண்டு புரள்வாள்.

"என்னண்ணே, அந்த சிபியு மூச்சு வாங்குது?" என்று ஒருநாள் கேட்டாள். முழுப் பெட்டியையும் சிபியு என்று சொல்வது நம் ஊர் வழக்கம், நம்மாளும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டான். ஆனால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னது மட்டும் சரி.

உள்ளே இருந்தது ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர். 2020 நவம்பரில் வெளிவந்தது. எட்டு கோர். கல்லூரி சீனியர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த ப்ராசஸரை விற்கும்போது பெட்டிக்குள் கூலர் வைத்துத் தர மாட்டார்கள், தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சீனியர் தன்னிடமிருந்த ஒரு சின்ன ஒற்றைக் கோபுரக் கூலரையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார். உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று. ரெண்டர் ஓடும்போது வெப்பநிலையைப் பார்த்தால் 90. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 90. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 90. அந்த ப்ராசஸருக்கு 90 டிகிரி என்பது மேல் வரம்பு. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்டாசாக வெடித்துவிடும் என்றெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் இருக்கிற வேகம் முழுதாகக் கிடைக்காது.

நம்மாள் யோசித்தான். சூட்டினால்தான் வேகம் குறைகிறது, சூட்டினால்தான் ஃபேன் கத்துகிறது. சூட்டைக் குறைத்தால் இரண்டு பிரச்சினையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? தவறு எங்கே என்று இப்போதே கண்டுபிடித்துவிட்டவர்கள் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

யூடியூபில் இரண்டு வாரம் ஆராய்ச்சி நடந்தது. கடைசியில் இரட்டைக் கோபுரம், ஆறு செப்புக் குழாய், இரண்டு பெரிய ஃபேன், ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடை என்று ஒரு பூதத்தைத் தேர்ந்தெடுத்தான். விலை 3,800 ரூபாய். கையில் இருந்தது 600. ஸ்டூடியோ அண்ணன் இரண்டு கல்யாணத்துக்குப் பாக்கி வைத்திருந்தார். அப்பாவிடம் கேட்கிற மாதம் அது இல்லை. பாப்பாவின் உண்டியலில் பொங்கல் காசு, தீபாவளிக் காசு, சித்தப்பா ஊரிலிருந்து வரும்போது கொடுத்த காசு என்று சேர்ந்திருந்தது. படிப்பதற்கு மடக்கு மேசையும் நாற்காலியும் வாங்க அவள் சேர்த்துவைத்த பணம். அதுவரை கட்டில் மேலே உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இது மட்டும் வந்துருச்சுன்னா சத்தமே வராது பாப்பா. ரெண்டு மணி நேரத்துல ரெண்டர் முடிஞ்சுரும். நீ நிம்மதியா தூங்கலாம்."

"நெசமாவாண்ணே?"

"நெசமா."

எண்ணிக் கொடுத்தாள், 3,200. பத்து ரூபாய் நோட்டுகளே முப்பதுக்கு மேல் இருந்தன.

கூரியர் வந்த அன்று சாயங்காலம் ஆபரேஷன். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், பின்னால் யாருக்காவது உதவும். அந்த வகை ப்ராசஸரில் அடிப்பக்கம் 1331 ஊசிகள் இருக்கும், பூரான் கால் மாதிரி. மதர்போர்டின் சாக்கெட்டில் ஒரு சின்ன நெம்புகோல் அந்த ஊசிகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். ஆனால் மேலேயிருந்து அமுக்கிப் பிடிக்கிற சட்டம் எதுவும் கிடையாது. கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட் காலப்போக்கில் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்போது கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். (இதற்கடுத்து 2022-இல் வந்த தலைமுறையில் ஊசிகளை மதர்போர்டு பக்கம் மாற்றி, மேலே சட்டமும் வைத்துவிட்டார்கள். அதைத் தெரிந்து நம்மாளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.)

நம்மாள் இரண்டு வார ஆராய்ச்சியில் பார்த்தது முழுக்க எந்தக் கூலர் வாங்குவது என்ற வீடியோ. எப்படிக் கழற்றுவது என்ற வீடியோ ஒன்றுகூடப் பார்க்கவில்லை. நேராக இழுத்தான். "டக்" என்று ஒரு சத்தம். கூலர் கைக்கு வந்தது. அதன் அடியில் ப்ராசஸரும் தொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நிமிடம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வியர்வை வெயிலுக்கா பயத்துக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூலையில் மூன்று ஊசிகள் சாய்ந்திருந்தன. முறிந்தால் ப்ராசஸர் போச்சு. ப்ராசஸர் போனால் வைகாசி போச்சு. கை நடுங்க ஏடிஎம் கார்டு விளிம்பால் நிமிர்த்தப் போனவனைத் தடுத்தது பாப்பாதான். "நீ டார்ச் பிடிண்ணே" என்று செல்போனை அவன் கையில் கொடுத்தாள். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய ஊசி எடுத்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற கை அது. இருபது நிமிடம் ஆனது. வரிசைக்கு நேராக வைத்துப் பார்த்தால் எது சாய்ந்திருந்த ஊசி என்றே தெரியவில்லை. சாக்கெட்டில் வைத்தபோது தானாகவே உள்ளே விழுந்தது.

புதுக் கூலரை மாட்ட ஒன்றரை மணி நேரம். கணினி உயிர் பெற்றது. அம்மா சூடம் காட்டாத குறை.

ரெண்டரைப் போட்டான். எண் ஏறியது. 60, 70, 78... அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தான். 82. 84. கடைசியில் 86-இல் போய் உட்கார்ந்தது. இரண்டு ஃபேனும் முழு மூச்சில் சுற்ற, ஹெலிகாப்டருக்குப் பதில் இப்போது புயல் காற்று. சத்தத்தின் தன்மை மாறியது, அளவு பெரிதாக மாறவில்லை. ரெண்டர் முடிந்த நேரம் 2 மணி 44 நிமிடம். 3,800 ரூபாய்க்கு நாலு டிகிரி, ஆறு நிமிடம். ஒரு டிகிரி 950 ரூபாய் என்று கணக்குப் போட்டது கல்லூரி நண்பன். நண்பர்கள் எதற்கு இருக்கிறார்கள்.

"மாப்ள, அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பரைப் பிரிச்சியா?" என்றும் அவனே கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான், உலகம் முழுக்க அதைப் பிரிக்காமல் மாட்டியவர்கள் ஏராளம். நம்மாள் பிரித்திருந்தான். இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி கழற்றினான் (இந்த முறை திருகி!). பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினான். 86. பேஸ்டைப் பட்டாணி அளவு வைக்காமல் பெருக்கல் குறி மாதிரி வைத்துப் பார்த்தான். 86. மூன்றாவது முறையோடு பேஸ்ட் டியூப் காலி. ஃபேன் திசை மாறியிருக்குமோ என்று ஊதுவத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். சரியாகத்தான் போனது. அந்த வாசனையில் அப்பா எழுந்து வந்து "இந்நேரத்துல என்னடா பூஜை?" என்று கேட்டதுதான் மிச்சம்.

விடை கிடைத்தது ஒரு தற்செயலில். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தான். திரையில் 86 என்று ஓடுகிறது, கை வெந்துவிடும் என்று பயந்து பயந்துதான் விரலை வைத்தான். குளிக்கிற வெந்நீர் சூடுதான் இருந்தது. அவ்வளவுதான்! உள்ளே 86, வெளியே வெந்நீர். அப்படியென்றால் மீதிச் சூடு எங்கே? கூலர் வரைக்கும் வந்தே சேரவில்லை.

இங்கேதான் கொஞ்சம் கணக்கு. அந்த ப்ராசஸரின் மூடியைப் பார்த்தால் நான்கு சென்டிமீட்டர் சதுரம் மாதிரி பெரிதாகத் தெரியும். அது வெறும் செப்பு மூடி. அதற்கடியில் எட்டுக் கோரும் இருக்கிற சிலிக்கான் சில்லு சுமார் 80 சதுர மில்லிமீட்டர்தான். சுண்டு விரல் நகம் அளவு. அதுவும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ரெண்டர் நேரத்தில் ப்ராசஸர் மொத்தமாக இழுத்த 124 வாட்டில் நூறு வாட்டுக்கு மேல் அந்த நகத்துக்குள்ளேதான் சூடாகிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 130 வாட். ஒப்பிட்டுப் பார்க்க நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட், அடித்தகடு சுமார் 180 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரை வாட்தான் வருகிறது. இஸ்திரிப் பெட்டியைவிட இருபது மடங்குக்கும் மேல் நெரிசலான சூடு அந்த நகத்துக்குள்!

சூட்டைக் கூட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில், ஒரு சந்துக்குள்ளிருந்து கூட்டம் வெளியே வரவேண்டும். சந்தின் வாய் மூன்றடி. வெளியே இருக்கிற ரோட்டை நாற்பதடியிலிருந்து எண்பதடியாக அகலப்படுத்தினால் சந்துக்குள் நிற்பவர்களுக்கு என்ன லாபம்? கொஞ்சம் லாபம் இருக்கத்தான் செய்யும், வெளியே வந்தவர்கள் வேகமாகக் கலைவார்கள். ஆனால் நெரிசல் வாயில்தான். சிலிக்கானிலிருந்து ஈயம் போன்ற பற்று, பற்றிலிருந்து செப்பு மூடி, மூடியிலிருந்து பேஸ்ட், பேஸ்டிலிருந்து கூலரின் அடித்தளம். இந்தப் பாதையிலேயே மொத்த வெப்ப வித்தியாசத்தில் பாதி போய்விடுகிறது. எவ்வளவு பெரிய கூலர் வாங்கினாலும் மாறுவது அதற்கடுத்த பகுதிதான்.

கூலர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அந்தச் செப்புக் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். அவை கெட்டிக் கம்பிகள் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் சில துளி நீர். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி மேலே போய்த் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்து மறுபடி நீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கிற திரி மாதிரியான பரப்பு வழியாகக் கீழே வரும். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற அதே சங்கதி. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதைச் செய்து காட்டினார். விண்வெளிக்காக யோசிக்கப்பட்ட விஷயம் இன்று கல்யாண வீடியோவுக்குப் பயன்படுகிறது.

சரி, அப்படியானால் யூடியூபில் இருபது டிகிரி குறைந்ததாகக் காட்டினார்களே, அதெல்லாம் பொய்யா? பொய் இல்லை. நம்மாள் மறுபடி போய்ப் பார்த்தபோதுதான் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்துகள் கண்ணில் பட்டன. பாதிப் பேர் வேறு ப்ராசஸரில் சோதித்திருந்தார்கள். சிலர் மேசை மேல் கேபினட்டே இல்லாமல் திறந்தவெளியில் வைத்து ஓட்டியிருந்தார்கள். இன்னும் சிலர் போட்டிருந்த எண் ப்ராசஸரின் வெப்பநிலையே இல்லை, அறை வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்ற வித்தியாசம். அவர்கள் அறை 21, 22 டிகிரி. நம்மாள் அறை ராத்திரி பதினோரு மணிக்கு 35. காற்றை வைத்துக் குளிர்விக்கிற எந்தக் கூலரும் அந்தக் காற்றைவிடக் கீழே இறக்க முடியாது. அறையில் ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே ப்ராசஸரிலும் ஏறும். அங்கே 72 காட்டுகிற அதே கூலர் இங்கே 85 காட்டினால் அது கூலரின் குற்றமில்லை, மதுரையின் குற்றமுமில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிற விதம் அப்படி.

கேபினட் வேறு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் கலர் கலராக மின்னும் மூன்று ஃபேன். பார்க்கத் திருவிழா சீரியல் செட் மாதிரி அழகு. ஆனால் கண்ணாடி வழியாகக் காற்று எப்படி வரும்? ஓரத்தில் ஒரு விரல்கடை இடைவெளி, அவ்வளவுதான். பழைய புல்லட் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடு இருக்குமே, வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அடிப்பதால்தான் அது வேலை செய்யும். டிராஃபிக்கில் நின்றால் காலைச் சுட்டுவிடும். நம்மாள் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ரெண்டர் ஓட்டிப் பார்த்தான். 80! ஒரு பைசா செலவில்லாமல் ஆறு டிகிரி. 3,800 கொடுத்து வாங்கியதைவிட இரண்டு டிகிரி அதிகம். அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. (கதவைத் திறந்தே வைத்தால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது என்பது தனிக்கதை.)

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. கூலர் குறைத்தது உண்மையில் நாலு டிகிரி மட்டும்தானா? பழைய கூலரில் ப்ராசஸர் 90-ஐ முட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்து 4.3 கிகாஹெர்ட்ஸில் 112 வாட் இழுத்தது. புதுக் கூலர் வந்ததும் "ஓஹோ, இடம் கிடைத்துவிட்டதா" என்று 4.45-க்கு ஏறி 124 வாட் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் காலத்து ப்ராசஸர்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. குளிர்ச்சியைக் கொடுத்தால் அதைச் சேமித்து வைக்காது, வேகமாக மாற்றிச் செலவழித்துவிடும். சம்பளம் உயர்ந்தால் செலவும் உயர்கிற மாதிரி. அதனால் கூலர் கொடுத்த லாபத்தில் பாதி 4.3-க்கும் 4.45-க்கும் நடுவில் கரைந்து, ஆறு நிமிடமாகக் கைக்கு வந்தது. வரம்பை நெருங்க நெருங்கக் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மின்சாரம் அள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேகம் மூன்றரை சதவீதம் கூட, மின்சாரம் பத்து சதவீதத்துக்கு மேல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டது நல்ல விஷயம்தான். ஆனால் பாப்பா இன்னும் தூங்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் நம்மாளைக் குத்தியது. சண்டை போட்டிருந்தால் இவனும் திருப்பிக் கத்திவிட்டு அடங்கியிருப்பான். அவள் பாட்டுக்கு ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மா அறைக்குள் போய், அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தாள். காலையில் நான்கு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது நாள் நம்மாள் பயாஸுக்குள் போனான். அதில் எகோ மோட் என்று ஒன்று இருக்கிறது. 105 வாட் என்று பெயர் ஒட்டிய அந்த ப்ராசஸரை 65 வாட் வகை மாதிரி நடந்துகொள்ளச் சொல்லலாம். அதிகபட்சம் இழுக்கிற மின்சாரம் 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கிவிடும். இதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். வேகத்தைக் குறைக்கிற பட்டனை எவன் தொடுவான் என்று தாண்டிப் போயிருக்கிறான். இப்போது தொட்டான். கூடவே ஃபேன் வேகத்துக்கும் ஒரு உச்சவரம்பு போட்டான், 75 டிகிரி வரை மெதுவாகத்தான் சுற்ற வேண்டும் என்று.

ரெண்டரைப் போட்டான். எண் 72-இல் நின்றது. சத்தம்... காதை வைத்துக் கேட்டால் ஒரு மூச்சு. மேலே சுற்றுகிற மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. ரெண்டர் முடிந்த நேரம் 2 மணி 58 நிமிடம்.

கவனியுங்கள், பழைய கூலரில் ஆனது 2 மணி 50. அதாவது 3,800 ரூபாய் செலவழித்து நம்மாளின் கணினி எட்டு நிமிடம் மெதுவாகிவிட்டது. இந்தச் செய்தியைக் கல்லூரியில் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தான். சொன்னான். நடந்ததை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பாப்பா மறுபடி பாயைக் கொண்டுவந்து தன் இடத்தில் போட்டாள். ரெண்டர் ஓடும்போதே தூங்கினாள். மூன்றாம் நாள் காலையில் காப்பி குடிக்கும்போது எப்படி சத்தம் குறைந்தது என்று கேட்டாள். நம்மாள் உற்சாகமாக எகோ மோட், வாட் கணக்கு எல்லாம் விளக்கினான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இந்த செட்டிங்க பழைய கூலர்லயே போட்ருக்கலாம்லண்ணே?"

நம்மாளிடம் பதில் இல்லை. கணக்குப் போட்டால் பழைய கூலரில் 78, 79 வந்திருக்கும். வரம்புக்குள்தான். ஆனால் அந்த உள்ளங்கை அகல ஃபேன் இவ்வளவு அமைதியாக அதைச் சமாளித்திருக்குமா? பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே தள்ளுகிற காற்றைத் தள்ள, சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் கொஞ்சமாவது கத்தியிருக்கும். "கொஞ்சம்" என்றால் எவ்வளவு? பழையதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"வேணும்னா மாட்டிப் பாப்போமா?" என்றான்.

பாப்பா தையல் டப்பா இருந்த அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். அந்த 1331 ஊசிகள் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"வேணாம்ணே. இருக்கட்டும்."

ஸ்டூடியோ அண்ணன் ஆனி பிறந்த பிறகுதான் பாக்கியைக் கொடுத்தார், அதுவும் இரண்டு தவணையாக. நம்மாள் 3,200-ஐயும் திருப்பிக் கொடுத்தபோது அவள் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள். மடக்கு மேசை வந்துவிட்டது. நாற்காலிக்குக் காசு போதவில்லை, அதற்குள் விலை ஏறிவிட்டது. கணினி நாற்காலியைத்தான் காலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை அவள் எடுத்துக்கொள்கிறாள். பழைய கூலர் அட்டைப் பெட்டிக்குள் பரணில் இருக்கிறது. கேபினட்டின் முன் கண்ணாடி மட்டும் கழற்றியபடியே இருக்க, அந்த இடத்தில் அம்மாவின் பழைய நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார்கள், தூசி போகாமல் இருக்க.